ஒரே வருஷம், ஒரே காசு... ஆனா அச்சு வேற! பழைய சில்லறைக் காசுகளை அடையாளம் காண்பது எப்படி?

"பழைய 25 பைசா வெச்சிருக்கீங்களா? அப்போ நீங்க லட்சாதிபதி!" இப்படி ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் வராத வீடே இருக்காது. அதைப் படித்ததும் அஞ்சறைப் பெட்டி, பாட்டியின் சுருக்குப்பை, சாமி ரூம் உண்டியல் என எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்ப்பவர்கள் நிறைய பேர்.

அந்த லட்ச ரூபாய்க் கதைகள் பெரும்பாலும் டூப்புதான். ஆனால், அதற்குள் ஒரு நிஜமும் ஒளிந்திருக்கிறது. ஒரே மதிப்பு, ஒரே ஆண்டு போட்ட இரண்டு காசுகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி, கொஞ்சம் உயரமான எண், சற்றே தட்டையான கிரீடம் என்று வித்தியாசங்கள் உண்டு. சேகரிப்பாளர்கள் தேடுவது இவற்றைத்தான்.

எந்த வித்தியாசம் கணக்கில் வரும், எது வராது? எல்லாமே ஒரே கேள்வியில் அடங்கிவிடும். அந்த வித்தியாசம் காசில் வந்ததா, அச்சில் வந்ததா?

அச்சு என்றால் என்ன?

காசு அடிக்க இரண்டு எஃகு அச்சுகள் தேவை. ஒன்று தலைக்கு, இன்னொன்று பூவுக்கு. நடுவில் வெறும் உலோக வில்லையை வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினால் காசு ரெடி. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சில் இடவலம் மாறி இருக்கும் எழுத்து, காசில் நேராக வரும்.

ஒரு அச்சு தேய்ந்து ஓய்வதற்குள் லட்சக்கணக்கில் காசு அடித்துத் தள்ளிவிடும். தேய்ந்ததும் அடுத்த அச்சு வரும். ஆக, ஒரே ஆண்டுக் காசுக்குப் பல அச்சுகள் இருந்திருக்கும். அந்த அச்சுகளுக்குள் உள்ள வேறுபாடுதான் 'அச்சு வேறுபாடு'.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அச்சில் ஒரு வித்தியாசம் இருந்தால், அந்த அச்சு அடித்த அத்தனை காசிலும் அது அதே இடத்தில் வரும். காசு கீழே விழுந்து நசுங்கியிருந்தால், அது அந்த ஒரு காசோடு முடிந்துவிடும்.

முதல் சோதனை: மேடா, பள்ளமா?

காசின் மேல் ஒரு கோடு தெரிகிறதா? அது மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளமாக இருந்தால் அது கீறல். யாரோ ஆணியால் கீறியது, தரையில் உரசியது என எதுவாகவும் இருக்கலாம். மதிப்பு குறையுமே தவிர கூடாது.

மேடாக இருந்தால் கதையே வேற. அச்சில் விரிசல் விட்டிருந்தால், அழுத்தும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும். காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். அச்சு உழைக்க உழைக்க விரிசலும் நீளும். அதனால் ஒரே அச்சில் வந்த காசுகளை விரிசலின் நீளத்தை வைத்தே 'எது முன்னாடி அடிச்சது, எது பின்னாடி' என்று வரிசைப்படுத்திவிட முடியும்.

இரண்டாவது சோதனை: ஆண்டைப் பார்க்கும் முன் உலோகத்தைப் பாருங்க

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணய முறை அமலுக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்று முதல் ரூபாய்க்கு 100 'நயா பைசா'. பழைய பைசாவோடு குழப்பம் வராமல் இருக்கத்தான் 'புதிய' என்று பொருள்படும் 'நயா' சேர்க்கப்பட்டது. மக்கள் புரிந்துகொள்ள வசதியாக, 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று இந்தியிலும் காசிலேயே பொறித்தார்கள். 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற சொல் கைவிடப்பட்டு, வெறும் பைசா ஆனது.

ஆரம்பத்தில் 1 நயா பைசா வெண்கலத்தில் வந்தது. 1962ஆம் ஆண்டில் அது நிக்கல் பித்தளைக்கு மாறியது. அதனால் 1962 என்று போட்ட காசிலேயே இரண்டு வகை உண்டு. சற்றே செம்பு நிறத்தில் இருப்பது ஒன்று, மஞ்சள் நிறத்தில் இருப்பது இன்னொன்று.

10 பைசாவிலும் இதே கதைதான். 1968 முதல் மஞ்சள் நிற நிக்கல் பித்தளை. 1971ஆம் ஆண்டில் வெள்ளை நிற அலுமினியம் வந்துவிட்டது. 1971 ஆண்டுக் காசு மஞ்சளிலும் கிடைக்கும், வெள்ளையிலும் கிடைக்கும்.

இவை அச்சு வேறுபாடு அல்ல, உலோக வகை வேறுபாடு. ஆனால் இதை முதலில் பிரித்து வைக்காவிட்டால் அடுத்தடுத்த எல்லாமே குழம்பிவிடும்.

ஒரு சின்ன காந்தத் துண்டும் உதவும். 1988 முதல் வந்த காண்டாமிருகம் போட்ட 25 பைசா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் காந்தத்தில் ஒட்டும். அலுமினியம், பித்தளை, வெண்கலக் காசுகள் ஒட்டாது.

மூன்றாவது சோதனை: ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கு?

இந்தியாவில் இப்போது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என நான்கு அரசு நாணயச்சாலைகள் உள்ளன. எந்தக் காசு எங்கே அடித்தது என்பதை ஆண்டுக்குக் கீழே உள்ள குட்டி அடையாளம் சொல்லிவிடும்.

மும்பை: டைமண்ட் வடிவம்

ஹைதராபாத்: நட்சத்திரம்

நொய்டா: வட்டப் புள்ளி

கொல்கத்தா: எந்த அடையாளமும் கிடையாது

இதில் ஹைதராபாத்தான் கொஞ்சம் ஆட்டம் காட்டும். 1950, 60களின் காசுகளில் அங்கே நட்சத்திரத்துக்குப் பதிலாக, நடுவில் பிளந்த டைமண்ட், நடுவில் புள்ளி வைத்த டைமண்ட் ஆகியவையும் பயன்பட்டன. காசு தேய்ந்துவிட்டால் பிளவும் புள்ளியும் மறைந்து, அது மும்பை டைமண்ட் போலவே தெரியும். வெறும் கண்ணால் பார்த்துவிட்டு 'மும்பை' என்று முடிவு கட்டக்கூடாது.

அதேபோல, அடையாளம் இல்லாத காசெல்லாம் கொல்கத்தா காசு என்றும் சொல்லிவிட முடியாது. அச்சில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடைத்துக்கொண்டால், அந்த இடம் மட்டும் காசில் சரியாகப் பதியாது. ஆண்டு எண்கள் பளிச்சென்று இருந்து, கீழே மட்டும் சுத்தமாக இருந்தால் கொல்கத்தாவாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்களே தேய்ந்து மங்கியிருந்தால் முடிவு எடுக்காமல் ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

1970ஆம் ஆண்டுக் காசில் புள்ளி இருக்கிறதே, அது நொய்டாவா? நிச்சயம் இல்லை. நொய்டா நாணயச்சாலை தொடங்கியதே 1988இல்தான். அந்தப் புள்ளி தேய்ந்த டைமண்டாகவோ, அழுக்காகவோ, அடிபட்ட தழும்பாகவோ இருக்கலாம். அடையாளம் சொல்வதும் ஆண்டு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மிக முக்கியம்.

1980களில் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் இந்தியக் காசுகள் அடிக்கப்பட்டன. 1985 ஒரு ரூபாய்க் காசில் ஆங்கில 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஹீட்டன் நிறுவனம் அடித்தது. 1988 ஆண்டு 25 பைசாவில் 'சி' இருந்தால் அது கனடாவின் ஒட்டாவாவில் இருந்து வந்தது.

சென்னைக்கும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. தங்கசாலைத் தெரு, மின்ட் ஸ்ட்ரீட் என்ற பெயர்கள் அதன் மிச்சம்தான். ஆனால் அது 1869இலேயே மூடப்பட்டுவிட்டது. அதனால் நயா பைசாவில் 'மெட்ராஸ் மின்ட்' என்று யாராவது சொல்லி விற்றால், நம்ப வேண்டாம்.

நான்காவது சோதனை: படம் ஒன்றுதானா?

உலோகமும் சரி, நாணயச்சாலையும் சரி. இனிமேல்தான் உண்மையான வேட்டை தொடங்குகிறது.

தாத்தா காலத்து 'ஓட்டைக் காலணா' ஞாபகம் இருக்கா? இரண்டாம் உலகப்போர் சமயத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, நடுவில் துளை போட்டு 1943 முதல் 1947 வரை வெளியிட்ட ஒரு பைசா காசு அது. ஆண்டு இருக்கும் பக்கத்தில், துளைக்கு மேலே ஒரு கிரீடம் இருக்கும். எல்லாக் காசிலும் அந்தக் கிரீடம் ஒன்றல்ல. சிலவற்றில் கிரீடத்தின் வளைவு உருண்டு உயர்ந்திருக்கும், சிலவற்றில் தட்டையாக அமுங்கியிருக்கும். ஆண்டு எண்களின் அளவும் மாறும். மும்பை, கொல்கத்தா மட்டுமின்றி லாகூரிலும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும்கூட இந்தக் காசு அடிக்கப்பட்டது. ஒரு கைப்பிடி ஓட்டைக் காலணா இருந்தால், கிரீடத்தை மட்டும் வைத்தே பிரித்துப் பார்க்கத் தொடங்கலாம்.

இன்னொரு பிரபலமான உதாரணம், 1911. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் காசுகள் வந்தபோது, அவர் அணிந்திருந்த அலங்காரத்தில் ஒரு யானை உருவம் இருந்தது. துதிக்கையும் கால்களும் குட்டையாக இருந்ததால் அது பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1912இல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். 'பன்றி ரூபாய்' என்ற பெயர் பெரிய ரூபாய்க் காசுக்கு ஒட்டிக்கொண்டாலும், 1911 காலணாவிலும் பழைய யானைதான். 1911 காலணாவையும் 1912 காலணாவையும் பக்கத்தில் வைத்து, லென்ஸில் யானையைப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

1965 முதல் 1981 வரை வந்த அலுமினிய 2 பைசாவிலும் இப்படி உண்டு. '2' என்ற எண்ணின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து பட்டியல் நூல்கள் தனித்தனி வகையாகப் பிரிக்கின்றன. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அங்கே ஒரு வகை. ஒரு காசை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நாலு காசுகளை வரிசையாக அடுக்கினால்தான் பிடிபடும்.

ஐந்தாவது சோதனை: எழுத்து இரட்டையாகத் தெரியுதா?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். எண்ணோ எழுத்தோ நிழல் விழுந்தது போல இரண்டாகத் தெரிந்தால் உடனே 'அரிய காசு' என்று கிளம்பிவிடுவார்கள்.

இதில் உலகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட். அச்சு தயாரிக்கும்போது மூல வடிவத்தை எஃகில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவது அன்றைய வழக்கம். இரண்டாவது அழுத்தம் சற்றே திரும்பி விழுந்ததால், ஆண்டும் எழுத்துகளும் அச்சிலேயே இரட்டையாகிவிட்டன. பிலடெல்பியா நாணயச்சாலையில் கண்டுபிடிப்பதற்குள் அவை நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. சுமார் 20,000 முதல் 24,000 காசுகள் மக்களிடம் போயின. சிகரெட் பாக்கெட்டுக்குள் மீதிச் சில்லறையாக வைக்கப்பட்ட காசுகளில்தான் பலருக்கு அவை கிடைத்தன. எங்கே அடித்தாலும், அந்த அச்சின் எல்லாக் காசிலும் ஒரே மாதிரி இரட்டிப்பு. அதனால்தான் அது அச்சு வேறுபாடு.

ஆனால், அச்சு சரியாக இருந்தும், காசு அடிக்கும்போது அது லூஸாக இருந்து ஆடினால், அப்போதும் எழுத்து இரட்டையாகத் தெரியும். இது இயந்திர ஆட்டம். இதற்குத் தனி மதிப்பு பெரும்பாலும் கிடையாது. இரண்டையும் பிரிப்பது இப்படித்தான்:

அச்சு இரட்டிப்பு: இரண்டாவது எழுத்தும் முதல் எழுத்தைப் போலவே உருண்டு, மேடாக இருக்கும். எழுத்தின் முனையில் 'வி' வடிவப் பிளவு தெரியும்.

இயந்திர ஆட்டம்: எழுத்தை ஒட்டி, படிக்கட்டு போலத் தட்டையான ஒரு திட்டு மட்டும் இருக்கும். எழுத்து மெலிந்தது போலத் தோன்றும்.

தேய்ந்த அச்சு: எழுத்தின் ஓரம் எல்லாப் பக்கமும் மங்கி, உருகியது போல இருக்கும்.

அப்போ, மிஸ்பிரின்ட் காசு?

படம் ஓரத்துக்கு நகர்ந்த காசு, ஒரு பக்கம் படமே இல்லாத காசு, ஒரே படம் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் விழுந்த காசு. இவை அடிக்கும்போது நேர்ந்த பிழைகள். கடைசியாகச் சொன்னதை இந்தியச் சேகரிப்பாளர்கள் 'லக்கி காசு' என்பார்கள். முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையில் தன் உருவத்தைப் பதித்ததால் வருவது அது. பிழைக் காசுகளுக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால், அது தனி ரகம்.

அச்சு திரும்பிய காசும் உண்டு. இந்தியக் காசை, புத்தகப் பக்கம் திருப்புவது போலப் பக்கவாட்டில் திருப்பினால், பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், அச்சு தன் இடத்தில் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

சுத்தியலால் அடித்த காசு, ரயில் தண்டவாளத்தில் வைத்த காசு, தீயில் வெந்த காசு ஆகியவை பிழையும் இல்லை, வேறுபாடும் இல்லை. சேதம்.

என்னென்ன வேண்டும்?

பெரிய செலவு இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு, ஒரு காந்தம். இவை போதும்.

வெளிச்சம் நேராக மேலிருந்து விழக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போதுதான் மேடு எது, பள்ளம் எது என்று தெரியும். போனில் படம் எடுக்கும்போது காசைச் சுற்றித் திருப்பி, குறைந்தது இரண்டு கோணங்களில் எடுப்பது நல்லது. படத்தில் மேடு சில சமயம் பள்ளமாகத் தெரிந்து ஏமாற்றும்.

ஒப்பிட்டுப் பார்க்க, உலக நாணயங்களுக்கு கிரௌஸ், மிஷ்லர் இருவரும் உருவாக்கிய பட்டியல் நூலும், பிரிட்டிஷ் இந்தியக் காசுகளுக்குப் பிரிட்மோர் எழுதிய நூலும் சேகரிப்பாளர்கள் வழக்கமாகப் புரட்டுபவை. நேரில் பார்க்க விரும்பினால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.

புளி போட்டுத் தேய்க்காதீங்க!

பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி காசையும் புளி, விபூதி, டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பலரின் முதல் வேலை. சேகரிப்பாளர்கள் பதறுவதும் இதைப் பார்த்துத்தான். அமிலமும் தேய்ப்பும் மேல்தோலை அரித்துவிடும். அச்சில் வந்த நுண்ணிய கோடுகளும், நாணயச்சாலை அடையாளமும் அதோடு போய்விடும். ஒருமுறை போனால் திரும்ப வராது. ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். அவ்வளவுதான்.

காசு கிடைக்குமா, கிடைக்காதா?

அரிதாக இருப்பது மட்டும் விலை ஆகாது. அதைத் தேடும் ஆள் வேண்டும், காசின் நிலையும் நன்றாக இருக்க வேண்டும். நயா பைசா, பைசா காசுகள் பெருமளவில் அடிக்கப்பட்டவை. கை மாறித் தேய்ந்த காசுக்குப் பெரிய தொகை கிடைப்பது அபூர்வம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அதனால் அவை 'அரிய காசு' ஆகிவிடவில்லை, வீடு வீடாகக் கிடக்கின்றன. 50 பைசா இன்றும் செல்லும்.

உஷார்: ரிசர்வ் வங்கி பெயரில் மோசடி

பழைய காசு வாங்குகிறோம் என்று சொல்லி, 'ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம்', 'கமிஷன்', 'வரி' என முதலில் உங்களிடமே பணம் கேட்பது ஒரு பரவலான மோசடி. நம்பிக்கை வரவழைக்க ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் காட்டுவார்கள். இதுகுறித்து 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, இதற்காகக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை, வேறு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்று அது தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

காசை வாங்குபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்பவரிடம் பணம் கேட்டால், அங்கேயே போனை கட் பண்ணிடுங்க. ஓடிபி, வங்கி விவரம் எதையும் பகிர வேண்டாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். 100 ஆண்டுகளைத் தாண்டிய காசுகள் 1972ஆம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டில் ஆள் இருக்கிறார் என்று யார் சொன்னாலும், தனிநபர் அவற்றை ஏற்றுமதி செய்யக் கூடாது.

கையில் ஒரு டப்பா காசு இருந்தால் என்ன செய்யலாம்?

1. கழுவாமல் அப்படியே கொட்டி, மதிப்பு வாரியாகவும் உலோகம் வாரியாகவும் பிரியுங்கள்.

2. ஒவ்வொரு குவியலையும் ஆண்டு வாரியாக அடுக்குங்கள்.

3. லென்ஸ் வைத்து நாணயச்சாலை அடையாளம் பாருங்கள். சந்தேகமானவற்றைத் தனியே வையுங்கள்.

4. ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலைக் காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண், எழுத்து, சிங்கம், கிரீடம் எனத் தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

5. வித்தியாசம் கிடைத்தால் மேடா, பள்ளமா என்று பாருங்கள். மேடாக இருந்தால், அதே இடத்தில் அதே வித்தியாசம் உள்ள இரண்டாவது காசைத் தேடுங்கள்.

அந்த இரண்டாவது காசு கிடைத்துவிட்டால், நீங்கள் கண்டுபிடித்தது சேதம் அல்ல, அச்சு. விலை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.